கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது



இந்த இதழ் அச்சுக்குப் போக ஒரு நாள் இருந்தது. வால்பாறைக் கட்டுரை கைக்கு வந்துவிட்டது, படங்கள் வரவில்லை. எழுதியவர் தங்கியிருந்தது மலைமேல் ஓர் எஸ்டேட் வீட்டில். எதிர்ச்சரிவில் நிற்கும் கோபுரத்திலிருந்து பள்ளத்தாக்கைத் தாண்டி, கூரைமேல் வைத்த சின்னக் கிண்ணத்துக்கு வருகிற கம்பியில்லா இணைப்புதான் அவருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்ப ஆரம்பித்தார். பதினொரு மணிக்குப் பாதிகூடத் தாண்டவில்லை.

"நெறையப் பேரு சினிமா பாத்துட்டிருப்பாங்க சார், நெட்டுல கூட்டம். எல்லாரும் படுக்கட்டும், வேகமா வந்துருமுங்க" என்றார் எங்கள் பக்க வடிவமைப்பாளர்.

காத்திருந்தோம். ராத்திரி இரண்டு மணி. எஸ்டேட் மொத்தமும் தூங்கிவிட்டது. வேகம் அப்படியே நத்தை. மலையில் மழை மட்டும் விடாமல் பெய்துகொண்டிருப்பதாகப் போனில் சொன்னார்.

"இப்ப எங்கிருந்து வந்துச்சு கூட்டம்?" என்று கேட்டேன். வடிவமைப்பாளரிடம் பதில் இல்லை. எனக்கு என் அப்பாரு ஞாபகம் வந்தது.

எங்கள் தோட்டம் கீழ்பவானியின் ஒரு கிளை வாய்க்காலில் கடைமடை. தண்ணீர் திறந்து நாளாகியும் எங்கள் மடைக்கு வராவிட்டால் அக்கம்பக்கத்தார் உடனே மேல்மடைக்காரர்களைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாரு திட்ட மாட்டார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக மேலே நடப்பார். தண்ணீர் வராததற்குக் காரணம் இரண்டுதான் என்பது அவர் கணக்கு. மேலே ஆட்கள் அதிகமாகத் திருப்பிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் வழியில் எங்கோ கரையில் நண்டு வளை விழுந்து, தண்ணீர் யாருக்கும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலாவதற்குப் பேச்சு. இரண்டாவதற்கு மண்வெட்டி. எது என்று தெரியாமல் பேசப் போனாலும் வெட்டப் போனாலும் வெள்ளாமை காய்வது காய்வதுதான்.

இணையம் பல வருடங்களாக இந்த இரண்டில் முதல் காரணத்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கதையை இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று தோன்றியது.

நீங்கள் அனுப்பும் படம் முழுதாக ஒரே மூட்டையாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் அளவுள்ள பாக்கெட்டுகளாக நறுக்கி, வரிசை எண் போட்டு அனுப்பப்படுகிறது. 5 எம்பி படம் என்றால் ஏறத்தாழ 3,400 பாக்கெட். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததற்கு மறுமுனையிலிருந்து தகவல் திரும்ப வரவேண்டும். முன்பெல்லாம் பதிவுத் தபாலில் கூடவே போய்க் கையெழுத்தோடு திரும்பிவருமே ஒப்புகை அட்டை, அது மாதிரி. வராவிட்டால் அந்தப் பாக்கெட்டை மறுபடி அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கு வழக்கை இரண்டு முனைகளிலும் இருந்து பார்த்துக்கொள்வது டிசிபி என்கிற நெறிமுறை. நடுவில் இருக்கும் ரூட்டர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. இடம் இருந்தால் தள்ளிவிடும். வரிசை நிரம்பிவிட்டால், வந்ததைக் கீழே போட்டுவிடும். போட்டேன் என்று சொல்லியும் அனுப்பாது.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் அதன் பக்கத்திலேயே இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இடைவெளி 400 கஜம்தான். நம் ஊரில் வீட்டிலிருந்து கோயில் தூரம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 40 பிட் போனது. எண்ணூறில் ஒரு பங்கு. கம்பி அறுந்துபோகவில்லை, இயந்திரமும் கெட்டுப்போகவில்லை. வரிசை நிரம்பிப் பாக்கெட்டுகள் விழுந்தன. விழுந்ததை எல்லாரும் உடனே மறுபடி அனுப்பினார்கள். அதனால் வரிசை இன்னும் நிரம்பியது, இன்னும் விழுந்தது. பாதை முழுக்கப் போக்குவரத்து. போய்ச் சேர்ந்தது மட்டும் ஒன்றுமில்லை. இப்படி ஒரு நாள் நடக்கும் என்று ஜான் நேகிள் என்பவர் 1984-லேயே எழுதி, 'நெரிசல் சரிவு' என்று பேரும் வைத்திருந்தார்.

இதை உட்கார்ந்து ஆராய்ந்தவர் வேன் ஜேக்கப்சன். மைக் கேரல்ஸோடு சேர்ந்து அவர் கண்ட வழி, கீழ்பவானி ஆயக்கட்டுக்காரர்களுக்குப் புதுசாகத் தெரியாது. பவானிசாகரில் மதகைத் தூக்கும் நாளில் முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக விடுவதில்லை. முதலில் கொஞ்சம், கரை தாங்குகிறதா என்று பார்த்து, படிப்படியாக 2,300 கன அடி வரை ஏற்றுவார்கள். ஜேக்கப்சன் சொன்னதும் அதுவே. முதலில் ஒரு பாக்கெட் அனுப்பு. ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நாலு, எட்டு. ஓரளவு வேகம் பிடித்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றே ஒன்று கூட்டு. ஒரு பாக்கெட் தொலைந்தது தெரிந்தால், மேலே நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைப் பட்டென்று பாதியாகக் குறை. ஒப்புகையே நின்றுபோனால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பி.

1988-ல் இந்தக் கட்டுரை வெளிவந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குறைக்கும்போது பாதியாகக் குறைக்கிறவர்கள் ஒரே பாதையில் பல பேர் இருந்தாலும் கடைசியில் கிட்டத்தட்டச் சமமான பங்குக்கு வந்து சேர்வார்கள் என்று அடுத்த வருடம் டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நடுவில் நின்று தடி தூக்கி மிரட்டுகிற அதிகாரி யாரும் கிடையாது. அனுப்புகிற ஒவ்வொரு கணினியும் தானாகவே கையை அடக்கிக்கொள்கிறது. இணையம் இன்றுவரை நொறுங்காமல் நிற்பதற்கு இந்தத் தன்னடக்கமே காரணம்.

ஆனால் இந்த விதிக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது. தொலைந்த பாக்கெட் ஒவ்வொன்றும் நெரிசலில்தான் தொலைந்தது என்பது அது. ஜேக்கப்சன் தெரியாமல் செய்ததில்லை. வழியில் பழுதாகி விழுவது நூற்றில் ஒன்றைவிட எவ்வளவோ குறைவு, ஆகவே பொருட்படுத்த வேண்டியதில்லை என்று எழுதிவிட்டுத்தான் செய்தார். அன்றைய கம்பி இணைப்புகளுக்கு அது உண்மை. காற்றில் போகும் பாக்கெட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. மழையில் நனைந்த இலை, குறுக்கே வந்த லாரி, பக்கத்து வீட்டு வைஃபை, மலை முகடு என்று எதுவும் அதைக் கெடுக்கலாம். கரையில் நண்டு வளை. அனுப்புகிறவரோ மேல்மடையில் கூட்டம் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்.

ஒதுங்கினால் எவ்வளவு இழப்பு? கணக்கு இருக்கிறது. பழைய டிசிபியில், போய்வர பத்தில் ஒரு நொடி ஆகும் பாதையில், நூறு பாக்கெட்டில் ஒன்று தற்செயலாகத் தொலைந்தால் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட். அதாவது 1.4 எம்பிபிஎஸ். நீங்கள் காசு கட்டி வாங்கியது 100 எம்பிபிஎஸ் இணைப்பாக இருந்தாலும் இதே 1.4 தான். பாதையில் ஈ எறும்பு இல்லை. கூட்டமே இல்லாத வாய்க்காலில் கூட்டத்துக்குப் பயந்து நிற்கிறது தண்ணீர். எங்கள் படங்கள் அந்த ராத்திரி நின்றதும் இப்படித்தான்.

இந்தக் கோளாறைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் நம் சென்னை ஐஐடியில் படித்துவிட்டு 1993-ல் வெளியே வந்த ஹரி பாலகிருஷ்ணன். பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1995-ல் தன் குழுவோடு சேர்ந்து ஒரு யோசனை சொன்னார். கம்பியும் காற்றும் சந்திக்கிற இடத்தில், அதாவது அலைக்கோபுரத்தில், ஒரு காவலாளை உட்கார வை. அவர் போகிற பாக்கெட் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் வைத்துக்கொள்வார். காற்றில் ஒன்று தொலைந்தால் தன்னிடம் உள்ள நகலை அவரே உடனே அனுப்பிவிடுவார். தொலைந்த சேதியை மூல அனுப்புநர் காதுக்குப் போகவிடமாட்டார். அனுப்புநருக்குத் தெரிந்தால்தானே பயந்து பாதியாகக் குறைப்பார்! எந்தப் பாதையில் தொலைந்ததோ அந்தப் பாதையிலேயே தீர்த்துவிடு என்பதுதான் இதன் சாரம். அந்த முறைக்கு ஸ்னூப் என்று பெயர். இன்றைய செல்போன் கோபுரங்களும் காற்றில் தொலைந்ததைத் தங்கள் மட்டத்திலேயே மறுபடி அனுப்பிக்கொள்கின்றன. ஹரி பாலகிருஷ்ணன் இப்போது எம்ஐடியில் பேராசிரியர். 2023-ல் மார்க்கோனி பரிசு பெற்றார்.

கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், தேனியில், இதே சிக்கலை இன்னொரு விதமாகப் பார்த்தார்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை நம் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவினாசி ரோட்டுக் கிளைக்குப் போகாத குடும்பம் இங்கே குறைவு. கிராமத்துக்காரர் கண்ணைக் காட்ட ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வரவேண்டாம் என்று அவர்கள் சிற்றூர்களில் கண் மையங்கள் வைத்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் திரையில் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். இதற்கு நல்ல இணைப்பு வேண்டும். அன்று அங்கே கம்பி இல்லை. பெர்க்லியிலிருந்து எரிக் ப்ரூவரின் குழு வந்து, வீட்டுக்குள் பயன்படுத்துகிற சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்து, நல்ல ஆன்டெனா பூட்டி, 15 கிலோமீட்டர் வரை எட்டவைத்தது. உயரம் கிடைக்கிற இடமெல்லாம் ஆன்டெனா ஏறியது. அதில் ஒன்று, ஒரு ஜவுளி ஆலை வளாகத்தின் புகைபோக்கி.

இணைப்பு எட்டியது; ஓடவில்லை. வைஃபை ஒரு வீட்டுக்காகப் பிறந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உடனுக்குடன் ஒப்புகை எதிர்பார்க்கும். 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒளியே போய்வர 100 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து, தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடி அனுப்பும். ஒரே கோபுரத்தில் இரண்டு ஆன்டெனா இருந்தால், ஒன்று பேசும்போது இன்னொன்றுக்குக் காது அடைத்துப்போகும். மேலே ஓடும் டிசிபிக்கு இதெல்லாம் நெரிசலாகத் தெரிந்து, அதுவும் தன் பங்குக்குக் குறைத்துக்கொள்ளும்.

அவர்கள் கண்ட தீர்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கீழ்பவானியின் 2,07,000 ஏக்கருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் விடுவதில்லை என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகம். பெர்க்லிக்காரர்கள் செய்ததும் அதேதான். ஒரு கோபுரத்தில் உள்ள எல்லா ஆன்டெனாக்களும் சேர்ந்து பேசு. பிறகு சேர்ந்து கேள். போகத்துக்குப் பதில் மில்லி நொடிகள், அவ்வளவுதான். இதோடு இன்னும் இரண்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்புகை கேட்காமல் மொத்தமாக ஒரே சீட்டில் கணக்கு முடித்தார்கள். தொலையும் என்று தெரிந்தே கூடுதலாகச் சில பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பினார்கள். மூட்டையில் சில நெல் உதிரும் என்று நாம் அளக்கும்போதே ஒரு கை கூடுதலாகப் போடுவோமில்லையா, அப்படி. 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, சாதாரண வைஃபையைவிட இரண்டிலிருந்து ஐந்து மடங்கு வேகம் கிடைத்தது.

அதே குழு அடுத்த வருடம் எழுதிய கட்டுரையில் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் உண்டு. இணைப்பு செத்துவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்த பல இடங்களில் குற்றவாளி அலை இல்லை, மின்சாரம். அழுத்தம் ஏறி இறங்கிப் பெட்டிகளைப் பொசுக்கியிருந்தது. நெரிசல், அலைச்சேதம், மின்சாரம் என்று மூன்றும் வெளியே ஒரே முகம் காட்டுகின்றன. உள்ளூர் ஊழியர்களே எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யப் பழகிய பிறகுதான் அந்த வலை நிலைத்தது. அதாவது, கரையோரமாக மேலே நடக்க ஆள் கிடைத்த பிறகு.

மலைக்கே திரும்புவோம். வால்பாறையில் யானை வருகிற சேதி தொலைந்தால் படம் தொலைந்ததுபோல் மறுபடி அனுப்பிக்கொள்ள முடியாது. ஆனந்தகுமார் தலைமையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காரர்கள் அங்கே உருவாக்கிய எச்சரிக்கை முறை எந்த ஒரு வழியையும் முழுதாக நம்பவில்லை. செல்போனுக்குக் குறுஞ்செய்தி, உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரி, முக்கியமான இடங்களில் தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படுகிற சிவப்பு விளக்கு என்று ஒரே சேதி பல வழியில் போகிறது. சிக்னல் கிடைக்காதவர் விளக்கைப் பார்ப்பார். விளக்கைப் பார்க்காதவருக்கு டிவி சொல்லும். இந்தப் பணிக்காக 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. நம்ப முடியாத பாதையில் சின்னச் சேதியைப் பல தடவை சொல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

இன்றைய நெறிமுறைகளும் பாடம் படித்துக்கொண்டுதான் வருகின்றன. கே. கே. ராமகிருஷ்ணன், சாலி ஃபிளாய்ட், டேவிட் பிளாக் மூவரும் எழுதி 2001-ல் தரமாக ஏற்கப்பட்ட ஒரு முறையில், ரூட்டர் பாக்கெட்டைக் கீழே போடுவதற்கு முன்பே அதன்மேல் ஒரு குறி வைக்கும். வாய்க்கால் லஸ்கர், 'தண்ணி ஏறுதுங்க, கொஞ்சம் அடைங்க' என்று முன்கூட்டியே ஆள் அனுப்புவதுபோல். 2016-ல் கூகுள்காரர்கள் ஜேக்கப்சனையும் கூட வைத்துக்கொண்டு பிபிஆர் என்ற முறையை வெளியிட்டார்கள். தொலைந்ததை எண்ணிக்கொண்டிருக்காமல், பாதையின் அகலத்தையும் போய்வரும் நேரத்தையும் நேராக அளந்து வேகத்தை வைத்துக்கொள்கிறது அது. பழுதான பாதையில் சும்மா பயந்து நிற்பதில்லை.

ஆனால் அதன் முதல் பதிப்பு, பழைய முறையில் அடக்கமாகப் போய்க்கொண்டிருந்தவர்களின் பங்கையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று புகார் வந்தது. இதுவும் நமக்குத் தெரிந்த கதை. தண்ணீர் வரவில்லை என்று தெரிந்ததும் வாய்க்காலிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சுகிறவரும் ஒருவகையில் கெட்டிக்காரர்தான். அவருடைய தோட்டம் பச்சையாக இருக்கும். கடைமடை காயும். சேதத்துக்குப் பயப்படாமல் இருக்கவும் வேண்டும், கூட்டத்தில் அடங்கிப்போகவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது கஷ்டமான வேலை. முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகியும் ஆராய்ச்சியாளர்களுக்கு இதில் வேலை தீராததற்குக் காரணம் அதுதான்.

கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது பற்றிச் சில வருடங்களாக நம் பக்கத்தில் நடக்கும் வாதமும் எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது. கசிவை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்கிறார்கள் ஒரு சாரார். அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன என்கிறார்கள் இன்னொரு சாரார். அதில் நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எவ்வளவு கசிகிறது, எவ்வளவு மேலே எடுக்கப்படுகிறது என்று தனித்தனியாக அளந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களுக்கு மட்டும் என் மரியாதை உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதாமாதம் உங்கள் கடிதங்களில், "எங்க ஊர்ல நெட்டே கெடைக்கறதில்லீங்க" என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. அடுத்த முறை எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதுங்கள். எந்த நேரத்தில் மெதுவாகிறது? மழைக்கும் காற்றுக்கும் மாறுகிறதா? மின்சாரம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது? தினமும் ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை மட்டும் படுத்தால் அது பெரும்பாலும் கூட்டம். உங்கள் பகுதிக்குக் கூடுதல் கொள்ளளவு கேட்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கும் படுத்தால் பாதையில் ஓட்டை; கொள்ளளவு கேட்டுப் புண்ணியமில்லை, ஆன்டெனாவையும் இணைப்பையும் பார்க்க ஆளை அழைக்க வேண்டும். ஒரு வாரம் நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு புகார் கொடுத்தால், 'சர்வர் பிஸி' என்ற ஒற்றை வார்த்தையில் உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. சத்தியமங்கலம், தாளவாடி, ஆனைகட்டி, வால்பாறை வாசகர்களின் குறிப்புகளைத் தனியாக எதிர்பார்க்கிறேன். வருவதைத் தொகுத்து வெளியிடுகிறோம்.

எங்கள் படங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். மறுநாள் காலை எழுத்தாளர் கூரைமேல் ஏறிக் கிண்ணம் பார்க்கும் திசையில் பார்த்தார். தேயிலைக்கு நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தின் ஒரு கிளை, நனைந்த இலைகளோடு குறுக்கே தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டில் சொல்லி அந்தக் கிளையைக் கவாத்து செய்தார்கள். பத்தரை மணிக்கெல்லாம் எல்லாப் படங்களும் வந்துவிட்டன.

அன்புடன்,
ஆசிரியர்